ஜெயிலில் இருந்தபடியே ஜெயித்தவர்

1871-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ந் தேதி. வெள்ளிக்கிழமை. ஜெர்மனி நாடு முழுவதும் அன்று தேர்தல்.

சிறிதும் பெரிதுமாகப் பிரிந்து கிடந்த ஜெர்மன் ராஜ்யங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே சாம்ராஜ்யமாகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. பிரான்சுடன் நடந்த சண்டையில் ஜெர்மனிக்குப் பெரிய வெற்றி. ஊருக்கு ஊர் கொடி, வாண வேடிக்கை. வெற்றிக்குக் காரணமான மந்திரி பிஸ்மார்க்கைப் புகழாதவர்களே இல்லை.

அந்த நாளில், லைப்சிக் நகரத்து ஜெயிலில் ஒருவர் அடைபட்டுக் கிடந்தார். அவருக்கு வயது 31. ஒல்லியான உடம்பு. தொழில், கடைசல் வேலை. அவர் மீது ராஜத்துரோகக் குற்றச்சாட்டு. போருக்குப் பணம் கொடுக்கக்கூடாது என்று பார்லிமெண்டில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர் அவர். ஊரே ஒரு பக்கம் நிற்க, அவர் மறுபக்கம் நின்றார்.

அவர் பெயர் ஆகஸ்ட் பேபெல்.

அவர் ஜெயிலில் இருந்தார். அவருடைய தொகுதியிலோ, ஏழை நெசவாளர்கள் தறியை நிறுத்திவிட்டு, ஓட்டுச் சாவடிக்கு நடந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். சீட்டுகளை எண்ணினார்கள். ஜெயித்தவர், கைதி பேபெல்!

மார்ச்சு 28-ந் தேதி, ஜெயில் கதவு திறந்தது. கைதி நேராகப் பார்லிமெண்டுக்குப் போனார். அந்தப் புதிய சபையில் மொத்தம் 382 இடங்கள். தொழிலாளர் கட்சிக்காரர் என்று சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர்.

விளக்கு வெளிச்சம்

பேபெல் பிறந்தது 1840-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி. கொலோன் நகரத்துக்கு எதிர்க்கரையில் டாய்ட்ஸ் என்ற ஊர். அங்கே உள்ள ராணுவக் கோட்டைக்குள், சிப்பாய்கள் தங்கும் ஒரு பெரிய அறையில் அவர் பிறந்தார். இரவு நேரம். குழந்தை முதலில் கண்ட வெளிச்சம், ஒரு தகர விளக்கின் மங்கலான வெளிச்சம்தான்.

தகப்பனார் ராணுவத்தில் சாதாரணப் பதவியில் இருந்தார். சம்பளம் சொற்பம். பேபெலுக்கு நாலு வயது நிறையும் முன்பே, காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டுமே என்று, தாயார் இறந்துபோன கணவரின் சகோதரரை மணந்துகொண்டார். இரண்டே ஆண்டில் அவரும் போய்விட்டார்.

அந்த அம்மாள் பிறந்த ஊரான வெட்ஸ்லருக்குத் திரும்பினார். சிப்பாய்களுக்குத் தோல் கையுறை தைத்துக் கொடுத்துக் காலம் தள்ளினார். தைத்துத் தைத்து உடம்பு தேய்ந்தது. 1853-ல் அவரும் கண்ணை மூடினார். பேபெலுக்கு அப்போது 13 வயது.

பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரப் பையன். கணக்கு நன்றாக வரும். சுரங்க வேலை பற்றிப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆனால் படிக்கப் பணம் எங்கே? ஆசை அதோடு முடிந்தது. தாயாரின் சிநேகிதி ஒருத்தியின் கணவர் கடைசல் பட்டறை வைத்திருந்தார். பையனை அங்கே விட்டார்கள். விடியற்காலை ஐந்து மணி முதல் இரவு வரை வேலை.

தொழிலைக் கற்று முடித்ததும், அந்தக் காலத்து வழக்கப்படி ஊர் ஊராக நடந்து வேலை தேடினார். தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா என்று சுற்றிவிட்டு, 1860-ம் ஆண்டு மே மாதம் லைப்சிக் வந்து சேர்ந்தார். நடுவில் ராணுவத்தில் சேர்க்க அவரைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். உடம்பில் வலு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். பிற்காலத்தில் ராணுவச் செலவு பற்றிச் சபையில் பேச எழுந்து, தளபதிகளையே திணற அடித்தவர் இந்த மனிதர்தான்!

லைப்சிக்கில் தொழிலாளர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பேபெல் அதில் சேர்ந்தார். விட்டுப்போன படிப்பை அங்கே பிடித்தார். பேச்சும் அங்கேதான் வந்தது. நாலைந்து ஆண்டில் அந்தச் சங்கத்துக்கே தலைவர் ஆனார்.

1864-ல் சொந்தமாகச் சிறிய பட்டறை போட்டார். எருமைக் கொம்பைக் கடைந்து, கதவுக்கும் ஜன்னலுக்கும் கைப்பிடி செய்வது அவர் தொழில். 1866-ல் கல்யாணம். மணமகள் யூலி, ஒரு தொழிலாளியின் மகள். தொப்பி அலங்காரம் செய்யும் கடையில் வேலை பார்த்தவர். இந்த யூலி அம்மையாரைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

லீப்னெக்ட் என்பவருடைய நட்பு கிடைத்ததும் அந்தச் சமயத்தில்தான். லீப்னெக்ட் பல மொழி படித்தவர். நாடு கடத்தப்பட்டு, லண்டனில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பட்டறைக்காரரும் படிப்பாளியும் இணைபிரியாத ஜோடி ஆனார்கள்.

நெசவாளர் தொகுதி

1867-ல் வட ஜெர்மன் கூட்டாட்சிக்கு முதல் தேர்தல் வந்தது. சாக்ஸனி ராஜ்யத்தில் மொத்தம் 23 தொகுதிகள். அவற்றில் 17-வது தொகுதி, கிளௌகாவ்–மேரானே. பேபெல் அங்கே அபேட்சகராக நின்றார்.

அது நெசவு நாடு. கிளௌகாவ், மேரானே, ஹோகன்ஸ்டைன், எர்ன்ஸ்ட்டால் என்று எந்த ஊருக்குப் போனாலும் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். புருஷன் தறியில் உட்கார்ந்தால், பெண்டாட்டியும் பிள்ளைகளும் நூல் சுற்றுவார்கள். யந்திரத் தறிகள் வரத் தொடங்கிவிட்டன. கைத்தறிக்காரரின் கூலி இறங்கிக்கொண்டே போயிற்று. கைத்தறிக்காரர் கஷ்டம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

அவர்கள் முன்னால், தங்களைப் போலவே கையால் உழைத்துச் சாப்பிடும் ஒருவர் வந்து நின்றார். சுற்றி வளைக்காமல் பேசினார். வயது 27. ஜனங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சபையில் பிரபுக்கள், பண்ணையார்கள், தளபதிகள், வக்கீல்கள், பேராசிரியர்கள். அவர்கள் நடுவே ஒரு கடைசல்காரர்!

அப்போது ஓட்டுப் போட்ட விதத்தை இங்கே சொல்ல வேண்டும். 25 வயது நிறைந்த ஆண்களுக்கு மட்டும் ஓட்டு. பெண்களுக்குக் கிடையாது. ஏழைகளுக்கான உதவிப் பணத்தை நகரசபையிடம் வாங்கியவருக்கும் ஓட்டுக் கிடையாது. தறி நின்று, பிள்ளை பட்டினி கிடக்கிறது என்று உதவிப் பணம் வாங்கினால், ஓட்டுப் போய்விடும்.

ஓட்டுச் சீட்டைச் சர்க்கார் அச்சடிப்பது இல்லை. கட்சிக்காரர்களே அச்சடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். அதை மடித்து எடுத்துப் போய், சாவடியில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கையில் கொடுக்க வேண்டும். அவர் அதைப் பெட்டியில் போடுவார். சட்டப்படி இது ரகசிய ஓட்டு. ஆனால் காகிதம் தடிப்பா மெலிசா, பெரிதா சிறிதா என்று பார்த்தே, எந்தக் கட்சிச் சீட்டு என்று கண்டுபிடித்துவிடலாம். பக்கத்தில் முதலாளியின் ஆள் நின்றால் எப்படி இருக்கும்? மறுநாள் வேலை உண்டா, இல்லையா?

சீட்டைக் கவரில் போட்டுக் கொடுக்கலாம், மறைவான அறைக்குள் போய் மடிக்கலாம் என்ற விதி 1903-ல்தான் வந்தது. அந்த மறைவறையைக் கக்கூஸ் என்று கேலி செய்தவர்களும் உண்டு!

ஆகவே, கிளௌகாவ் நெசவாளி ஒருவர் பேபெலுக்கு ஓட்டுப் போட்டார் என்றால், அது லேசான காரியம் அல்ல. வேலை நாளில், கூலியை விட்டுவிட்டு, பார்ப்பவர் பார்க்கட்டும் என்று சீட்டைக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம். பார்லிமெண்டு மெம்பருக்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாவிட்டால் ஏழை எவனும் சபைக்கு வரமாட்டான் என்பது பிஸ்மார்க்கின் கணக்கு. 1906 வரை அப்படித்தான் இருந்தது. பேபெல் பெர்லினில் சபைக்குப் போனால், லைப்சிக்கில் பட்டறை படுத்துவிடும். அவருடைய கொள்கை பிடிக்காத வாடிக்கைக்காரர்களும் விலகினார்கள்.

அப்போதெல்லாம் பட்டறையைக் காப்பாற்றியவர் யூலி. கணக்கு எழுதுவார். ஆட்களுக்குக் கூலி கொடுப்பார். சரக்கு அனுப்புவார். புருஷனுக்கு வரும் கட்சிக் கடிதங்களையும் கவனிப்பார். 1869-ல் பிறந்த பெண் குழந்தையையும் வளர்த்தார்.

மீண்டும் மீண்டும்

1870 ஜூலையில் பிரான்சுடன் போர் மூண்டது. போருக்குக் கடன் வாங்க சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. பேபெலும் லீப்னெக்டும் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை. செப்டம்பரில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி பிடிபட்டார். அதன் பிறகும் போர் நிற்கவில்லை. பிரான்சின் இரண்டு மாகாணங்களைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்ற கூச்சல் எழுந்தது. இது தற்காப்பு அல்ல, பேராசை என்று பேபெல் கண்டித்தார். மேலும் பணம் கேட்டபோது எதிர்த்தே ஓட்டுப் போட்டார். டிசம்பர் 17-ந் தேதி கைது செய்தார்கள்.

அந்தக் கைதியைத்தான் நெசவாளர்கள் ஜெயிக்க வைத்தார்கள்.

வெளியே வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்தாரா? இல்லை. 1871 மே மாதத்தில் பாரிஸ் நகரத் தொழிலாளர்களின் எழுச்சியைப் பட்டாளம் ரத்த வெள்ளத்தில் அடக்கியது. ஐரோப்பாவின் கனவான்கள் எல்லாம் அந்தத் தொழிலாளர்களைத் திட்டினார்கள். பேபெல், பெர்லின் சபையில் தனி ஆளாக எழுந்து அவர்களுக்காகப் பேசினார். இந்தக் கட்சி எவ்வளவு ஆபத்தானது என்று தமக்கு அன்றுதான் தெரிந்தது என்று, ஏழு ஆண்டு கழித்து பிஸ்மார்க்கே சபையில் கூறினார்.

1872 மார்ச்சில் ராஜத்துரோக வழக்கு விசாரணைக்கு வந்தது. பேபெலுக்கும் லீப்னெக்டுக்கும் இரண்டு ஆண்டு கோட்டைக் காவல். அது போதாது என்று, சக்கரவர்த்தியை அவமதித்துப் பேசினார் என்று இன்னொரு வழக்கு. அதில் பேபெலுக்கு மேலும் 9 மாத ஜெயில். அதோடு, பார்லிமெண்டு பதவியும் பறிபோனது.

பதவி போனால் இடைத் தேர்தல் வரவேண்டும் அல்லவா? 1873 ஜனவரியில் கிளௌகாவ்–மேரானேயில் இடைத் தேர்தல். அபேட்சகர் ஹூபர்டஸ்பர்க் கோட்டைக்குள் காவலில் இருக்கிறார். ஒரு கூட்டம் பேச முடியாது. ஒரு வீட்டுக்குப் போக முடியாது.

கோர்ட்டு பறித்த பதவியை நெசவாளர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். முன்னைவிட அதிக ஓட்டு! 1874-ல் பொதுத் தேர்தல் வந்தது. அப்போதும் அவர் காவலில்தான் இருந்தார். அப்போதும் அவரே ஜெயித்தார்.

ஜெயில் வாழ்க்கை அவருக்கு இரண்டு விதத்தில் லாபமாக முடிந்தது. ஓயாத உழைப்பினால் அவர் நுரையீரலில் நோய் கண்டிருந்தது. தகப்பனாரைக் கொன்ற அதே வியாதி. கட்டாய ஓய்வில் உடம்பு தேறிவிட்டது. பக்கத்திலேயே இருந்த லீப்னெக்ட் அவருக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தார். பெட்டி பெட்டியாகப் புத்தகம் படித்தார். பதிமூன்று வயதில் பணம் இல்லாமல் நின்ற படிப்பு, சர்க்கார் செலவில் நடந்தது!

கடைசி 9 மாதத்தை ஸ்விக்காவ் ஜெயிலில் கழித்தார். அங்கிருந்து அவருடைய தொகுதி கூப்பிடு தூரம். 1875 ஏப்ரல் 1-ந் தேதி விடுதலை ஆனார்.

1877 தேர்தலில் ஒரு வேடிக்கை. கிளௌகாவ், டிரெஸ்டன் ஆகிய இரண்டு தொகுதியிலும் பேபெல் வெற்றி பெற்றார். ஒன்றை விட வேண்டும். பத்து வருஷம் தம்மைத் தாங்கிய கிளௌகாவை அவர் விட்டுவிட்டார்! நன்றி கெட்ட செயல் என்று தோன்றும். அப்படி அல்ல. டிரெஸ்டனை விட்டால் மறுபடி கிடைக்குமா என்பது சந்தேகம். கிளௌகாவ் ஜனங்கள் கட்சியைக் கைவிடமாட்டார்கள் என்பது நிச்சயம். அவர் நினைத்தது சரிதான். அங்கே பிராக்கெ என்ற கட்சிக்காரர் ஜெயித்தார். பிறகு, குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியான ஔயர் அந்தத் தொகுதிக்கு வந்தார். நடுவில் ஒன்றிரண்டு தேர்தலில் தொகுதி கைநழுவியது. ஆனாலும் 1890 முதல் 1907-ல் சாகும் வரை அந்தச் சேணத் தொழிலாளியே அங்கே மெம்பர்.

தடையும் தாண்டியது

1878-ல் சக்கரவர்த்தியை இரண்டு முறை சுட்டார்கள். சுட்டவர்களைக் கட்சி ஏவியதற்கு எந்த ருசுவும் இல்லை. ஆனால் பிஸ்மார்க்குக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சபையைக் கலைத்தார். அக்டோபரில் தடைச் சட்டம் வந்தது. கட்சியின் சங்கங்களுக்குத் தடை. பத்திரிகைகளுக்குத் தடை. கூட்டங்களுக்குத் தடை. வேண்டாதவர்களை ஊரை விட்டே துரத்தலாம்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. கட்சியைத் தடுத்தார்களே தவிர, கட்சிக்காரர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கவில்லை. சபையில் பேசுவதையும் தடுக்கவில்லை. எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்தது போல ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள், பேபெலும் அவர் கூட்டத்தாரும் அந்த ஜன்னல் வழியாகத்தான் மூச்சு விட்டார்கள்.

அப்போது அவர் பட்டறை பெரிதாகி இருந்தது. கூட்டாளி ஒருவர் சேர்ந்திருந்தார். பேபெல் மாதிரிக் கைப்பிடிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஊர் ஊராக வியாபாரத்துக்குப் போவார். பகலில் கடைக்காரர்களிடம் கைப்பிடி விற்பார். மாலையில் தொழிலாளர்களை ரகசியமாகச் சந்திப்பார்.

1881-ல் அவரையும் லீப்னெக்டையும் லைப்சிக்கை விட்டு வெளியேற்றினார்கள். பக்கத்துக் கிராமம் ஒன்றில் குடியிருந்தார்கள். குடும்பம் நகரத்திலேயே இருந்தது. அதே ஆண்டுத் தேர்தலில் டிரெஸ்டனில் தோல்வி. சபைக்கு வெளியே நின்றார். 1883-ல் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் இடைத் தேர்தல் வந்தது. அந்த ஊர் அவரைத் திரும்ப அனுப்பியது. நடுவே ஐந்து ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் மெம்பராக இருந்தார். மற்றபடி சாகும் வரை ஹாம்பர்க்தான் அவர் தொகுதி. அந்த ஸ்ட்ராஸ்பர்க் எது தெரியுமா? பிரான்சிடமிருந்து பிடுங்கக்கூடாது என்று எந்த மாகாணங்களுக்காகப் பேசி ஜெயிலுக்குப் போனாரோ, அவற்றில் ஒன்றின் தலைநகரம்!

1890 தேர்தலில் பேபெல் கட்சிக்கு 14 லட்சத்துக்கும் மேல் ஓட்டு. வேறு எந்தக் கட்சிக்கும் அவ்வளவு ஓட்டு இல்லை. இடங்கள் 35. அடுத்த மாதமே பிஸ்மார்க் பதவியை விட்டு இறங்கினார். செப்டம்பர் முடிவோடு தடைச் சட்டமும் காலாவதி ஆயிற்று. 1903-ல் சாக்ஸனியின் 23 தொகுதிகளில் 22 அவர்கள் கையில். 1907-ல் ஒரு சறுக்கல். 81 இடம் 43 ஆகக் குறைந்தது. 1912-ல் 42 லட்சம் ஓட்டு, 110 இடம். 397 பேர் கொண்ட சபையில் அதுதான் பெரிய கட்சி.

ஓட்டு வந்த அளவுக்கு இடம் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் வகுத்த எல்லையைச் சர்க்கார் மாற்றவே இல்லை. பட்டணத்தில் ஜனங்கள் பெருகினார்கள். கடைசியில் பெர்லினை ஒட்டிய ஒரு தொகுதியில் மூன்று லட்சம் ஓட்டர்களுக்கு ஒரு மெம்பர். ஷௌம்பர்க்–லிப்பே என்ற குட்டி ராஜ்யத்தில் சுமார் பத்தாயிரம் பேருக்கு ஒரு மெம்பர். பட்டணத்துத் தொழிலாளியின் ஓட்டு, கிராமத்துப் பண்ணையாரின் ஓட்டில் முப்பதில் ஒரு பங்கு!

யூலிக்கு இல்லாத ஓட்டு

பேபெல் எழுதிய புத்தகங்களில் பெரும் புகழ் பெற்றது, பெண்ணின் நிலை பற்றி 1879-ல் எழுதியதுதான். வெளியானதும் தடை செய்தார்கள். ஆனாலும் அவர் உயிரோடு இருக்கும்போதே 50 பதிப்பு வந்தது. அதனால் பணமும் வந்தது. சூரிச் ஏரிக்கரையில் ஒரு வீடு கட்டினார். தொழிலாளர் தலைவருக்கு ஏரிக்கரையில் வீடா என்று எதிரிகள் ஏசினார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று 1895-ல் அவர் கட்சி சபையில் மசோதா கொண்டுவந்தது. பேபெல் அதற்காகப் பேசினார். சபையார் சிரித்துத் தள்ளினார்கள்.

பட்டறையை நடத்தி, ஜெயிலுக்குச் சாமான் அனுப்பி, கட்சிக் கடிதம் எழுதி, நாற்பது ஆண்டுக்கு மேல் அவருக்குத் துணை நின்ற யூலி, ஒரு தேர்தலில்கூடப் புருஷனுக்கு ஓட்டுப் போட்டது இல்லை. போட முடியாது. 1910 நவம்பரில் அவர் இறந்தார். இரண்டு ஆண்டுக்குள் மருமகனும் இறந்தார். மகளுக்கு மனநோய் கண்டது. பேபெல் இதய நோயோடு சபைக்குப் போய் வந்தார்.

1913 ஆகஸ்ட் 13-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் பாஸுக் என்ற மலையூரில் ஓய்வுக்குத் தங்கியிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. வயது 73. சூரிச் நகரத்தில் அடக்கம் நடந்தது. பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஊர்வலத்தில் வந்தார்கள்.

அடுத்த ஆண்டே உலகப் போர் மூண்டது. போர்க் கடனுக்கு அவர் கட்சியே ஆதரவாக ஓட்டுப் போட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1918-ல் சக்கரவர்த்தி நாட்டை விட்டு ஓடினார்.

1919 ஜனவரி 19-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புதிய ஜெர்மனியில் முதல் தேர்தல் நடந்தது. பழைய தொகுதிகளை எல்லாம் கலைத்துவிட்டார்கள். சாக்ஸனியின் 17-வது தொகுதி என்று ஒன்று அன்று இல்லை. ஆனால் கிளௌகாவிலும் மேரானேயிலும் சாவடிகள் இருந்தன. தறிக்காரர் வீட்டுப் பெண்கள், முதல் தடவையாகச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.